மூன்று நீலப் புள்ளிகள்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. அந்த மூலையில் எதற்கு ஒடுங்கிக்கொண்டு? இப்படி நகர்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளுங்கள். கையில் இருக்கிற வேலை எங்கும் ஓடிவிடாது. வீடு முழுக்க வாசனையை நிரப்பிவிட்டு, ஒரு மனிதர் மூச்சு விட இடம் வைக்காமல் போன ஒருத்தியின் கதையைச் சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். அவள் இங்கே இல்லை.

ஒரு குடும்பத்தில் இரண்டு மருமகள்கள். மூத்தவள், இளையவள் என்றே வைத்துக்கொள்வோம். அது போதும்.

இளையவள் வேலை பார்த்தது மிச்சக்கடையில். வாசல் பலகையில் வேறு பெயர் இருந்தது, ஆனால் எல்லார் வாயிலும் அது மிச்சக்கடைதான். பெரிய கடைகளில் விலைபோகாமல் தேங்கியது, மூடி தொலைந்தது, ஜோடி பிரிந்தது, வண்டியில் அடிபட்டது என்று பூ ஜாடியும் கோப்பையும் மெத்தை உறையும் வாசனை மெழுகுவத்தியும் பெட்டி பெட்டியாக அங்கே வந்து இறங்கும். கடையின் பின்கட்டில் ஜன்னலை ஒட்டி ஒரு நீள மேஜை. அங்கே உட்கார்ந்து இளையவள் ஒவ்வொரு சாமானையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள், விரல் மூட்டால் தட்டிக் காது கொடுப்பாள், தண்ணீர் ஊற்றி வைத்துக் காத்திருப்பாள். குறை இருந்தால் அடிப்பக்கத்தில் நீல நெயில் பாலிஷால் புள்ளி வைப்பாள். ஒரு புள்ளி என்றால் மேல்கீறல், பார்வைக்கு மட்டும் குறை. இரண்டு புள்ளி என்றால் ஒழுகும். மூன்று புள்ளி என்றால் உள்ளே விரிசல், சூடு காட்டவே கூடாது, காகிதப் பூ வைத்துக்கொள்ளலாம். இதைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கல்லாவுக்கு மேலே மாட்டியும் இருந்தார்கள்.

அவளுக்கு அந்த மேஜை என்றால் உயிர். பெட்டியைப் பிரிக்கும்போது உள்ளே என்ன இருக்குமோ என்று தினமும் ஒரு படபடப்பு. வைக்கோலுக்குள்ளிருந்து முட்டை ஓட்டின் உட்புறம் போல வழவழவென்று ஒரு கிண்ணம் வந்தால் அன்றைக்கு அவள் நடையே வேறு. மெழுகுவத்தி வந்தால் ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். ‘கடற்காற்று’ என்று எழுதியிருக்கும், முகர்ந்தால் துவைத்த துண்டு. ‘மலைச்சாரல்’ என்று எழுதியிருக்கும், பல்பொடி. ஆனால் எப்போதாவது ஒன்று, நனைந்த மரப்பட்டை வாசனையோடு, கண்ணை மூட வைக்கும். அதை மட்டும் இரண்டு தடவை முகர்ந்துவிட்டு மூடி வைப்பாள்.

வீட்டில் அவள் ஒன்றையும் கொளுத்தியதில்லை. காரணம் அவள் மாமனார். அவர் நாற்பது வருஷம் கடைப் பலகைகளில் பெயர் எழுதியவர். பெயிண்டும் தின்னரும் உள்ளே போய் நெஞ்சு பழுதாகிவிட்டது. காரமான வாசனை எது பட்டாலும் மூச்சு விசிலடிக்கும். மாமியார் போன பிறகு ஐந்து வருஷமாக அவர் இளையவள் வீட்டில்தான். சனிக்கிழமை தோறும் அவள் கைப்பிடி போன ஜாடியோ மூடி உடைந்த சர்க்கரைக் கிண்ணமோ கொண்டுவருவாள். அவர் வாசனையில்லாத பசைக்குழாயையும் நீர்வர்ணத் தூரிகையையும் எடுத்து உட்கார்ந்து, ஒட்டி, ஒட்டின இடத்தில் ஒரு இலையோ கொடியோ எழுதிவிடுவார். பெற்ற அப்பாவோடுகூட அவள் அவ்வளவு பேசிச் சிரித்ததில்லை.

இனி மூத்தவளுக்கு வருவோம். மூக்கைக் கொஞ்சம் பொத்திக்கொள்ளுங்கள்.

மூத்தவளுக்குத் தன் கூடத்தைத் தவிர உலகத்தில் வேறு கவலை கிடையாது. வாரத்துக்கு ஒரு தரம் சோபாவை இடம் மாற்றுவாள். உட்காருவதற்கு இல்லாத மெத்தை, குடிப்பதற்கு இல்லாத கோப்பை, படிப்பதற்கு இல்லாத புத்தகம். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: “கைவினைக் கண்காட்சியில வாங்கினது.” எந்த ஊர்க் கண்காட்சி, எப்போது போனாள் என்று யாரும் கேட்டதில்லை. இளையவள் வீட்டுக்கு வந்தால் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவாள்.

“ஏம்மா, உன் வீட்டுக்குள்ள வந்தாலே ஏதோ ஏலக்கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு. பாவம் மாமா, இந்த ஓட்டை உடைசலுக்கு நடுவுல.”

“அந்த ஓட்டையெல்லாம் அடைக்கிறதே நான்தாம்மா,” என்பார் மாமனார். அவள் காதில் விழுந்தால்தானே!

அவளுடைய மாதர் குழுவில் தலைவியம்மா ஒருத்தர் இருந்தார். அவர் வீட்டுக் கூடத்தில் தொண்ணூறு வயது மாமியார் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் எல்லாம் “பெரியவங்கள எப்படி வெச்சுப் பாக்குறீங்க!” என்று உருகுவார்கள். இதைப் பார்த்த நாளிலிருந்து மூத்தவளுக்குத் தூக்கமில்லை. தன் கூடத்தில் எல்லாம் இருந்தது, ஒரு கிழவர் மட்டும் இல்லை. உடனே ஒரு பிரம்பு நாற்காலி வாங்கிப் போட்டாள். நாற்காலி வந்தாயிற்று, உட்கார ஆள் வேண்டுமே! புருஷனை விட்டுத் தம்பியிடம் பேசச் சொன்னாள். அண்ணன் வாயைத் திறந்தால் தம்பி தலையை ஆட்டுகிற ஆள். ஆட்டிவிட்டார்.

இளையவள் மாமனாரிடம் ஓடினாள். “மாமா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்குப் போக இஷ்டமா?”

“என் இஷ்டம் என்னம்மா, புள்ளைங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கக் கூடாது,” என்று சொல்லிவிட்டுப் பசைக்குழாயை இறுக்கி மூடினார்.  ஞாயிற்றுக்கிழமை மதியம் மூத்தவள் வீட்டில் மாதர் குழுவுக்குத் தேநீர், அன்றே பெட்டியோடு வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு.

அந்த வாரம் இளையவளுக்கு வேலையில் மனமே ஓடவில்லை. கல்லாவில் இருக்கிற பெண் அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள்.

“அக்கா, செவ்வாய்க்கிழமை தவறாம ஒரு கருப்புக் கண்ணாடியம்மா வருது. கடைக்குள்ள என்ன வெயிலா அடிக்குது? கழட்டவே மாட்டேங்குது. ஒவ்வொண்ணையும் கவுத்துக் கவுத்துப் பாக்குது. புள்ளி இருந்தாத்தான் எடுக்குது!”

“இல்லாததத்தானே எடுக்கணும்?”

“அதான! இது என்ன புள்ளின்னு ஒரு நாள் கேட்டுச்சு. கூட்டம் நெரியுது எனக்கு. ‘எங்க அக்கா கையால வெக்கிறதும்மா, எல்லாத்துக்கும் வெக்க மாட்டாங்க’ன்னேன். மேலதான் எழுதி மாட்டியிருக்கே, படிச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“கருப்புக் கண்ணாடியோட எங்கடி படிக்கிறது?” என்று இளையவள் அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடுமுறை. அது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் அவள் அதை யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூத்தவள் வீட்டு வாசலிலேயே ரோஜா முகத்தில் அறைந்தது. நாலடி வைத்தால் எலுமிச்சை. திரைச்சீலையில் ஏதோ ஸ்பிரே, பிளக்கில் செருகின டப்பாவிலிருந்து மல்லிகை, சீசாவில் குச்சிகள் நட்டு வைத்த எண்ணெய் ஒன்று, இன்னும் பெயர் தெரியாதவை இரண்டு. ஏழும் கூடத்தில் கூடி அடிதடி போட்டுக்கொண்டிருந்தன. மாமனார் நிலைப்படியைத் தாண்டும்போதே தொண்டையைச் செருமினார். மூத்தவள் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து, தோளில் ஒரு சால்வையைப் போட்டு, இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பூ ஜாடி வைத்தாலும் அப்படித்தான் பார்ப்பாள். பிறகு சால்வையின் மடிப்பை மட்டும் சரிசெய்தாள்.

தலைவியம்மாவும் இன்னும் ஐந்து பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். தேநீர் வந்தது. இளையவள் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு ஓரமாக இருந்தாள். அண்ணனும் தம்பியும் வாசற்பக்கம் நின்றார்கள். மாமனார் இருமினார்.

“அங்க ஈரச்சுவர், அதான் சளி,” என்றாள் மூத்தவள். “இங்க வந்தாச்சுல்ல, சரியாயிடும்.”

தலைவியம்மா கோப்பையைத் தூக்கிக் குடித்துவிட்டு, மடியைப் பார்த்து, கைக்குட்டையால் ரகசியமாக ஒற்றிக்கொண்டார். பக்கத்துப் பெண்ணும் ஒற்றிக்கொண்டாள். தன் கைதான் சிந்திவிட்டது என்று ஒவ்வொருத்தியும் நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். இளையவள் தன் கோப்பையைத் தூக்கினாள். உள்ளங்கையில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. மெதுவாகச் சாய்த்து அடியைப் பார்த்தாள். இரண்டு நீலப் புள்ளிகள். அவள் கையால் வைத்தவை.

அப்போதுதான் மூத்தவள் ஆரம்பித்தாள். “அடியில பாருங்க, நீலப் புள்ளி. செஞ்ச கலைஞரோட கைமுத்திரை. எல்லாத்துக்கும் வெக்க மாட்டாங்க. ஒரு புள்ளி சாதாரணம். ரெண்டு புள்ளி அபூர்வம். மூணு புள்ளி இருக்கே, தேடினாலும் கெடைக்காது.”

செவ்வாய்க்கிழமை, கருப்புக் கண்ணாடி எல்லாம் இளையவளுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. வாயைத் திறந்தாளா? இல்லை. அதற்கு அவளை நான் மெச்ச மாட்டேன். ஐந்து வருஷம் ஏலக்கடை, குப்பை என்று கேட்ட காது அது. கொஞ்ச நேரம் குளிரட்டும் என்று விட்டாள்.

“அபூர்வந்தான் அக்கா,” என்றாள். “இன்னொரு சுத்து ஊத்துங்க.”

மூத்தவள் ஊற்றினாள். ஆறு மடிகளும் நனைந்தன. அந்த வேடிக்கையில் மாமனாரின் இருமலைக்கூட இளையவள் கவனிக்கவில்லை.

“எல்லாரும் மாமாவச் சுத்தி நில்லுங்க, போட்டோ எடுக்கலாம்,” என்று மூத்தவள் ஒரு கனத்த கண்ணாடிக் கிண்ண மெழுகுவத்தியைக் கொண்டுவந்து, நாற்காலிக்குப் பக்கத்து முக்காலியில் வைத்துக் கொளுத்தினாள். எட்டாவது வாசனை. ஆளாளுக்குத் தலையைச் சரிசெய்து, இடம் மாறி நிற்பதற்குள் மெழுகு உருகித் தளும்பியது. மாமனாரின் மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. திரி மூன்று, சுவாலை விரல் உயரம். கண்ணாடிக்கு அடியில் சுவாலை வெளிச்சத்தில் மூன்று புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன.

இளையவளின் வேடிக்கையெல்லாம் அங்கேயே செத்தது.

“அக்கா, அத அணைங்க. அது மூணு புள்ளி.”

“அட, உனக்குக்கூடத் தெரியுதே!” என்று பூரித்துப்போனாள் மூத்தவள்.

“விளையாடாதீங்க. சூடு பட்டா வெடிக்கும்.”

“உன் மிச்சக்கடைச் சாமான் வெடிக்கும். இது கண்காட்சியில வாங்கினது. ஏய், நாற்காலிய எதுக்கு இழுக்குற? போட்டோவே கெட்டுது!”

இளையவள் விடவில்லை. நாற்காலியை மாமனாரோடு சேர்த்துப் பின்னுக்கு இழுத்தாள். பிரம்புக் கால்கள் தரையைக் கிழித்தன. நாற்காலி ஜன்னல் பக்கம் போய்ச் சேர்ந்ததும், ‘டக்’ என்று ஒரு சத்தம். கிண்ணம் இரண்டாகப் பிளந்தது. கொதிக்கிற மெழுகு முக்காலியிலிருந்து, சற்று முன் அவர் பாதம் இருந்த இடத்தில் வழிந்தது. எரிகிற திரி விரிப்பின் மேல் விழுந்து பற்றிக்கொண்டது. இளையவள் தேநீர்க் கெண்டியை எடுத்து அப்படியே கவிழ்த்தாள். புஸ்ஸென்று அணைந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு மாமனாரின் முதுகைத் தடவினாள்.

அவர் ஜன்னல் பக்கம் சாய்ந்து காற்றை உள்ளே இழுத்தார்.

“உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?” என்று கேட்டார் தலைவியம்மா.

இளையவள் கைப்பையிலிருந்து நீல நெயில் பாலிஷ் சீசாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “நான்தாங்க அந்தக் கலைஞர். ஒரு புள்ளின்னா கீறல். ரெண்டு புள்ளின்னா ஒழுகும். மூணு புள்ளின்னா இதோ, பாத்தீங்களே.”

தலைவியம்மா கோப்பையைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப நான் சிந்தல!”

“நானும் சிந்தல!” என்றாள் அடுத்தவள்.

“பொய்!” என்று கத்தினாள் மூத்தவள். “அந்தக் கல்லாக்காரி அப்படியா சொன்னா? எங்க அக்கா கையால வெக்கிறதுன்னு...” என்றவள் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன? கண்காட்சி அங்கேயே காலியாகிவிட்டது. பெண்கள் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தார்கள். ஒருத்திக்கு அடுப்பில் பால் ஞாபகம் வந்தது, இன்னொருத்திக்குத் தலைவலி.

மூத்தவளுக்கு அப்போதும் போட்டோதான். “மாமா, நீங்களாவது சொல்லுங்க. உங்களுக்குன்னு ரூம் போட்டு வெச்சிருக்கேன், புதுத் திரை...”

மாமனாருக்கு அதற்குள் மூச்சு வந்திருந்தது. சால்வையை எடுத்து மடித்து நாற்காலிக் கையில் வைத்தார்.

“நானும் விரிசல் விழுந்த சாமான்தாம்மா. நெஞ்சுல இருக்கு. இவ அது தெரிஞ்சு வெச்சிருக்கா. உனக்கு நான் உன் புருஷனோட அப்பன்கிறது தெரியும், எனக்கு எது ஆகாதுன்னு தெரியாது.” பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாலும் பரவாயில்ல. நான் வீட்டுக்குப் போறேன். சின்னவனே, பெட்டிய எடு.”

அண்ணன் என்ன சொல்வாரோ என்று இளையவளின் புருஷன் பார்க்கவில்லை. ஆயுசில் முதல் தடவையாகத் தலையை ஆட்டாமல் கையை நீட்டிப் பெட்டியைத் தூக்கினார்.

அடுத்த சனிக்கிழமை இளையவள் மூக்குடைந்த தேநீர்க் கெண்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். மாமனார் ஒட்டினார். ஒட்டின இடத்தில் இலை எழுதவில்லை. நீலத்தில் ஒரு புள்ளி வைத்து, “அபூர்வம்!” என்றார். சிரித்த சிரிப்பில் மூச்சு விசிலடித்தது. அது நல்ல விசில்.

மூத்தவள் ஒரு மாதம் கழித்துக் கடைக்கு வந்தாளாம், கண்ணாடி போடாமல். கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த புள்ளிக் கணக்கை எழுத்துக் கூட்டிப் படித்தாளாம். பிறகு புள்ளியே இல்லாத நல்ல ஜாடி ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கல்லாக்காரியிடம் கேட்டாளாம்: “இதுல ஒண்ணுமே போடலையே, மட்டமான சரக்கா?”

போகட்டும் விடுங்கள். உங்கள் வீட்டுக் கோப்பை ஒழுகாமல் இருக்கட்டும், கண்ணுகளா. ஜன்னல் நன்றாகத் திறக்கட்டும். உள்ளே இருக்கிற எல்லா நெஞ்சுக்கும் தாராளமாகக் காற்று வரட்டும். உங்களில் யாருக்கு எங்கே விரிசல் என்று தெரிந்த ஒருத்தர் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். நன்றாயிருங்கள்.