நிறம் மாறாத குழாய்கள்

இளஞ்சூட்டில் கிருமி வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்து, லீலாவதி கண்ணாடிக் குழாய்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீரைக் கலந்து நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகியும் கரைசல் ஊதா நிறத்திலேயே இருந்தது. தண்ணீரில் மலக்கிருமி இருந்தால் அது மஞ்சளாகியிருக்க வேண்டும். உள்ளே கவிழ்த்திருந்த சின்னக் குழாயில் காற்றுக் குமிழி ஏறியிருக்க வேண்டும். மூன்றாவது முறையாக ஒன்றுமில்லை.

ஆலத்தியூர்ப் பக்கத்துக் காலனியில் பத்து நாளாக வாந்திபேதி. இரண்டு குழந்தைகள் செத்துப்போயின. லீலாவதி வேலை பார்த்த அரியலூர்த் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடமோ, காலனிக் கிணறு சுத்தம் என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்துவிட்டது. எழுதியவள் அவள்தான்.

எங்கோ தப்பு நடக்கிறது. நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைப் பார்த்தாள், சரியாக இருந்தது. தண்ணீரை அளந்து விடும் பிப்பெட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு அவள் கண் தொட்டியடியில் நின்ற இருசம்மாள்மேல் போய் நின்றது. கண்ணாடிச் சாமான்களைக் கழுவுகிறவள். அலசாமல் விட்ட சோப்பே கிருமியைக் கொன்றுவிடுமே! நாள் முழுக்க அவள் கையையே கவனித்தாள். சாயங்காலம் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

“இருசம்மா, சோப்பு போக அலசுறீங்களா, சும்மா முக்கி எடுக்குறீங்களா?”

இருசம்மாளின் முகம் சுண்டிப்போனது. காலனிக் கிணற்றுத் தண்ணீர் என்று வந்து மிச்சமிருந்த பாட்டிலை எடுத்தாள். சோப்பைத் துளி கரைத்துக் குலுக்கினாள். நுரை வாய்வரை பொங்கியது.

“இது சுண்ணாம்புக் கல்லு பூமிம்மா. அந்தப் பக்கத்துக் கிணத்துத் தண்ணியில எங்கயாச்சும் நுரை வருமா? இது நம்ம டவுன் குழாய்த் தண்ணி. மருந்து போட்ட தண்ணி.”

பாட்டில்களைக் கொண்டுவந்தவன் சுகாதாரப் பணியாளன் வீரமுத்து. லீலாவதிக்கு அத்தை வழி உறவு. அதுவரை அவனைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில், ஆட்டோகிளேவில் வேகவைத்துக் காகிதம் சுற்றிய பாட்டிலோடு அவளே போனாள். காலனியில் காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் போட்டிருந்த ஒருத்தி, “இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்றாள். லீலாவதி கிணற்றில் தண்ணீர் மொண்டாள். கூடத்துக்குத் திரும்பி, இருசம்மாள் கழுவிய அதே குழாய்களில் அதை ஊற்றி வைத்தாள். ஒரே நாளில் எல்லாம் மஞ்சளாகின. உள்குழாய்களில் குமிழி நின்றது.

வீரமுத்துவைக் கூப்பிட்டுக் குழாய்களைக் காட்டினாள்.

“பஸ் ஸ்டாண்டுலதான் புடிச்சேன்,” என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. “அந்தத் தெருவுக்குள்ள எப்படிப் போறது? நீயே சொல்லு லீலா, நம்மாளுங்க யாராச்சும் போவாங்களா? நம்மளுக்குள்ள இருக்கட்டும்.”

அவள் அதைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. அவன் பெயரையும், தான் தப்பாக எழுதிய இரண்டு அறிக்கைகளையும் சேர்த்தே மேலிடத்துக்கு எழுதினாள். அவனுக்கு வேலை போயிற்று. அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு அவளுக்குப் பத்திரிகை வரவில்லை. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகு காலனியில் வேறு சாவு இல்லை.

தொட்டியடிக்குப் போய், “தப்பா நெனச்சுட்டேன் இருசம்மா,” என்றாள்.

இருசம்மாள் திரும்பவில்லை. “முதல்ல என்னயத்தானேம்மா நெனச்சீங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்த குழாயை எடுத்து அலசினாள்.