புருஷன் பேரு

கோர்ட்டுக்குக் கிளம்பும் காலையில் குத்தாலிங்கம் சொக்கம்மாளிடம் தாலியைக் கழற்றித் தரச் சொன்னார்.

“ஏட்டி, இன்னைக்கு ஒரு நாள்தான். சாயங்காலம் நானே கட்டிவிடுதேன். கழுத்துல கிடந்தா காரியம் கெட்டுரும்னு வக்கீல் சொல்லிட்டாரு.”

பெட்டிச் சாவி கேட்பதுபோலக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, சங்கிலியைத் தலைவழியே கழற்றிக் கொடுத்தாள். ஐந்து வருஷத்தில் குளிக்கும்போதுகூடக் கழற்றாதது. அவர் அதை மேஜை இழுப்பறையில் லாரிச் சீட்டுகளோடு போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். செங்கோட்டையில் அவருக்கு மர டெப்போ இருந்தது.

“நீ ஏதாவது உளறினா நான் ஜெயிலுக்குப் போவேன். நீ தெருவுக்குப் போவ. அதை மனசுல வச்சுக்கோ.”

அவருடைய மூத்த மனைவி மங்களேஸ்வரி, தனக்கும் மகளுக்கும் ஜீவனாம்சம் கேட்டுத் தென்காசி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டிருந்தாள். என் வீட்டுக்கு வந்து இருந்தால் வைத்துக் காப்பாற்றத் தயார் என்று இவர் பதில் கொடுத்தார். இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டவன் வீட்டுக்கு மூத்தவள் திரும்பிப் போக வேண்டியதில்லை என்று சட்டம் சொன்னது. அதனால் இன்னொருத்தி என்று ஒருத்தி இருக்கக் கூடாது. வீட்டில் இருப்பது சமையலுக்கு வைத்த பெண் என்று இவருடைய வக்கீல் எழுதிக் கொடுத்தார். உடனே மங்களேஸ்வரியின் வக்கீல் சங்கரபாண்டி, அந்தச் சமையல்காரியையே சாட்சிக்கு அழைத்துவிட்டார்.

சொக்கம்மாள் வாசுதேவநல்லூர்ப் பெண். மூத்தாள் காய்ச்சலில் செத்துப்போனாள் என்று சொல்லித்தான் குத்தாலிங்கம் பெண் கேட்டார். இலஞ்சிக் கோயிலில் தாலி கட்டினார். செத்தவள் தென்காசியில் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தபோது எட்டு மாதம் ஆகியிருந்தது. அண்ணனுக்கு எழுதினாள். ‘வெளியே தெரிந்தால் நமக்குத்தான் கேவலம், பொறுத்துக்கொள்’ என்று ஒரு கார்டு வந்தது. அதன்பிறகு அவள் யாருக்கும் எழுதவில்லை. வேறொருத்தி இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி, ஒவ்வொரு வேளையும் சோறு தொண்டையில் நின்று இறங்கும்.

கோர்ட் வராந்தாவில் சாட்சிகளைக் காத்திருக்கச் சொன்னார்கள். உள்ளே மங்களேஸ்வரியை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே சாரல் காற்று. பெஞ்சின் மறுமுனையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, மடியில் நோட்டை விரித்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது சொக்கம்மாளுக்குத் திக்கென்றது. குத்தாலிங்கத்தின் அதே அகன்ற காது, அதே மேலுதடு.

“பன்னிரண்டு ஏழு எம்புட்டு?” என்று கேட்டாள் சிறுமி.

“எம்பத்து நாலு.”

எழுதிக்கொண்டாள். பிறகு, “நீங்க யாரு? எங்க அப்பாவைத் தெரியுமா?” என்றாள்.

சொக்கம்மாள் வாயைத் திறந்தாள். சமையல்காரி என்று வீட்டில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்த பதில்தான். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வரவில்லை. நல்லவேளை, டவாலி அவள் பெயரைக் கூப்பிட்டார்.

சத்தியப் பிரமாணம் முடிந்ததும் கிளார்க் தலை நிமிராமல் கேட்டார்.

“பேரு?”

“சொக்கம்மாள்.”

“வயசு?”

“இருபத்தாறு.”

“புருஷன் பேரு?”

எந்தப் பொம்பளைச் சாட்சியிடமும் கேட்பதுதான். குத்தாலிங்கத்தின் வக்கீல் துள்ளி எழுந்தார். “கனம் கோர்ட்டார் அவர்களே, வழக்கே அதுலதானே இருக்கு!” பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“அப்போ சாட்சியே சொல்லட்டும்” என்றார் மாஜிஸ்திரேட்.

‘இல்லை’ என்று ஒரு சொல் போதும். குத்தாலிங்கம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். மாஜிஸ்திரேட் பேனாவோடு அவள் பக்கம் சாய்ந்தார்.

“ஏம்மா, கல்யாணம் ஆகலையா? இல்ல, பேரு தெரியாதா?”

“தெரியும்யா. சொன்னதில்ல.”

“ஏன் சொன்னதில்ல?”

“கட்டினவுக பேரை எப்படிய்யா வாயால சொல்லுதது?”

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது சொக்கம்மாளுக்கு அதன்பிறகுதான் உறைத்தது. அடைத்துக் கிடந்த ஏதோ ஒன்று நெஞ்சில் திறந்துகொண்டதுபோல இருந்தது.

“சொல்லிருதேன்யா. குத்தாலிங்கம். செங்கோட்டை மர டெப்போ குத்தாலிங்கம்.”

கூரை இடிந்து விழவில்லை. எல்லாப் பெயரையும்போல அதுவும் ஒரு பெயர்தான்.

குத்தாலிங்கத்தின் வக்கீல் விடவில்லை. “கழுத்துல தாலியைக் காணோமே?”

“காலையில அவுகதான் கழத்தி வாங்கி இழுப்பறையில வச்சுப் பூட்டினாக. சாவி சட்டைப்பையில இருக்கு.”

குத்தாலிங்கத்தின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. மாஜிஸ்திரேட் அதைப் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினார்.

“மூத்தாள் இருக்கையில நடந்த கல்யாணம் செல்லாது. உனக்கு அந்த வீட்டுல ஒரு பாத்தியதையும் கிடையாது. தெரிஞ்சுதான் பேசுதியா?”

“செல்லாட்டிப் போகுது. நடந்ததை நடக்கலைன்னு நான் எப்படிச் சொல்ல?”

அவள் வெளியே வந்தபோது குத்தாலிங்கத்தின் கார் போயிருந்தது. அவளுடைய துணிப்பை மட்டும் வராந்தாத் தூணில் சாய்ந்து கிடந்தது. தீர்ப்பு வர மூன்று வாரம் ஆயிற்று. மங்களேஸ்வரிக்குச் சாதகமாகவே வந்தது. ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. அடுத்த பஸ் எங்கே போகிறது என்பதுகூடச் சொக்கம்மாளுக்குத் தெரியவில்லை.

மங்களேஸ்வரி படியிறங்கி வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் இத்தனை அருகில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவளின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

“சாப்பிட்டியா?”

“இல்லக்கா.”

பொட்டலத்தைப் பிரித்துப் புளிச்சோற்றில் பாதியை எடுத்துக் கொடுத்தாள். இருவரும் தூணோரம் உட்கார்ந்து தின்றார்கள். சங்கரபாண்டி குடையோடு வந்து நின்றார்.

“அந்தக் கல்யாணம் செல்லாதுன்னு நீங்களே மனுப் போடலாம்மா. புதுக் கல்யாணச் சட்டம் வந்து ஆறு வருஷம் ஆச்சு. தீர்ப்பு வாங்கிட்டீங்கன்னா உங்களை யாரும் கட்டிப்போட முடியாது.”

செல்லாது என்ற சொல்லைப் பூட்டுகிற சொல்லாகத்தான் அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

“என்ன படிச்சிருக்க?” என்றாள் மங்களேஸ்வரி.

“எட்டாவது பாஸ்.”

“அப்போ டீச்சர் ட்ரெயினிங்குக்கு எழுதிப் போடு. நான் இருக்கது சின்ன வீடுதான். ரெண்டு மாசம் இருந்துக்கோ. என்னால அம்புட்டுதான் முடியும்.”

“அம்புட்டு போதும்க்கா.”

சிறுமி உலகம்மை தாயின் முந்தானையை இழுத்தாள். கேஸ் முடிந்ததும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்களாம். மூவரும் பஸ் ஏறினார்கள். ஐந்து மைல் தூரத்தில் ஐந்து வருஷம் இருந்தும் சொக்கம்மாளை யாரும் அருவிக்கு அழைத்துப் போனதில்லை.

பெரிய அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. மங்களேஸ்வரி மகளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள். சொக்கம்மாள் ஓரத்திலேயே நின்றாள். பெண்கள் ஈரச்சேலையோடு நெருக்கியடித்துக் கொண்டிருந்தார்கள். திவலை முகத்தில் அடித்தது. ஓர் அடி வைத்தாள், பாறை வழுக்கியது. உள்ளிருந்து வளையல் குலுங்க ஒரு கை நீண்டு வந்து அவள் மணிக்கட்டைப் பற்றி இழுத்தது. யாரென்று தெரியவில்லை. வெள்ளைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.

“இங்கன வாங்க, எடம் கிடக்கு!”

கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போனாள். மலையே இறங்கி வருவதுபோலத் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தது.