பெயர் கொடுத்தவர்

எல்வுட் டோபியின் மனைவி இறந்து ஆறு மாதம் ஆகிறது. அவள் பெயரை இங்கேயும் எழுதுவதற்கில்லை. செத்தவர் பெயரை அமெரிக்கப் பழங்குடிகளான பையூட் ஜனங்கள் வாயில் எடுப்பதில்லை. எடுத்தால், மறு உலகம் போய்க்கொண்டிருக்கிறவர், யாரோ கூப்பிடுகிறார்களென்று திரும்பிப் பார்ப்பார், பயணம் கெடும். ஒரு வருஷமாவது வாயைக் கட்ட வேண்டும். எல்வுட் கட்டியிருந்தார். வீட்டில் பேச வேறு ஆளில்லாததால் மற்ற எதையும்கூடப் பெரிதாகப் பேசிவிடவில்லை.

அப்போதுதான் பழங்குடிக் கவுன்சில் தலைவர் டெல்பர்ட் கையில் ஒரு கோப்போடு வந்தான். அவளுடைய அண்ணன் மகன். நகரத்தில் வளர்ந்து, சட்டம் படித்து, மூன்று வருஷத்துக்கு முன் டையோடு ஊர் திரும்பியவன். ஏரிக் காற்றில் அந்த டை எப்போதும் முதுகுப் பக்கமே கிடக்கும்.

“எல்வுட் மாமா, சந்தோஷ சமாசாரம்! எதிர்த்தாப்பல கட்டறோமே மண்டபம், அதுக்கு அத்தை பேரு. முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினாங்களே! ரெண்டடி உயர எழுத்து. உள்ளே விளக்கு வேற.”

எல்வுட் காப்பியைக் கீழே வைத்தார். “வேணாம்ப்பா. அவ இன்னும் போய்ச் சேரல.”

“கலாசாரத்தை நான் மதிக்கிறேன் மாமா. கலாசாரக் குழுத் தலைவரே நான்தானே? ஆனா வாஷிங்டன் படிவத்துல பேருக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. அது காலியா இருந்தா காசு வராது. வெள்ளிக்கிழமை கடைசி.”

எல்வுட் யோசித்தார். மண்டபத்தில் பிங்கோ ஆட்டத்துக்கு ஒரு தரம், காய்ச்சல் ஊசிக்கு ஒரு தரம், கல்யாணத்துக்கு ஒரு தரம். ஒரு நாளைக்கு எத்தனை முறை அவளைக் கூப்பிடுவார்கள்? பஸ் ஓட்டினவள். யார் கையைக் காட்டினாலும் நிறுத்திவிடுவாள்.

“உசிரோட இருக்கறவன் பேரு ஆகுமா?”

“யாரு மாமா?”

“என் பேரைப் போடு.”

டெல்பர்ட் மூக்கைச் சொறிந்தான். “நீங்க என்ன செஞ்சீங்கன்னு கேப்பாங்களே?”

“முப்பது வருஷம் அவளுக்குச் சமைச்சுப் போட்டேன்னு எழுது.”

திறப்பு விழாவில் டெல்பர்ட் மூதாதையரின் மூச்சைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினான். நடுவில் காற்று இரண்டு பக்கங்களைக் கொண்டுபோயிற்று. பேச்சுக்கு ஒரு குறையும் வரவில்லை. பெயர்ப்பலகையை மூடியிருந்த துணி விழுந்தது.

‘எல்வுட் டோபி நினைவு மண்டபம்.’

படிவத்தில் ‘நினைவு’ என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது, அதை யாரும் கோடு போட்டு நீக்கவில்லை. கூட்டம் எழுத்துக் கூட்டிப் படித்தது. கடைசியில் எல்வுட்டின் பெரியப்பா மகள் இர்மாதான் வாய் திறந்தாள். “டேய், எப்படா செத்தே? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே!”

எல்லோரும் சிரித்தார்கள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக எல்வுட்டும்.

சிரிப்பு ஒரு வாரம்தான். தினமும் வேலியோரம் வந்து “எல்வுட்டு!” என்று கத்துகிற இர்மா விசிலடிக்க ஆரம்பித்தாள்.

“ஏக்கா, பேரு சொல்லிக் கூப்பிட மாட்டியா?”

“செத்துட்டேன்னு விளக்குப் போட்டு எழுதியிருக்கே, வம்பு எதுக்கு? போர்டை மாத்தட்டும், கூப்பிடறேன்.”

“அவ பேரைச் சொல்லிடுவாங்களேன்னுதானே என் பேரைக் குடுத்தேன்?”

“அடப் பைத்தியக்காரா, வச்சிருந்தாலும் எவன் சொல்லியிருப்பான்?”

டெல்பர்ட் சொல்லியிருப்பான், மைக்கில்.

கடையில் “ஏங்க” என்றார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலை ஆட்டிக் கூப்பிட்டாள். மண்டபத்துக்குப் ‘புதுக் கட்டடம்’ என்று பெயராயிற்று. டெல்பர்ட்டே இப்போது வெறும் “மாமா”வோடு நிறுத்திக்கொண்டான். போர்டை மாற்றச் சொன்னதற்கு, “அடுத்த வருஷ நிதியில பாக்கலாம் மாமா” என்றான்.

மலையில் பைன் கொட்டை உதிர்க்கும் காலம் வந்தது. ஊரே பிக்கப் வண்டிகளில் ஏறிப் போயிற்று. இவர் வாசலிலும் யாரோ ஹாரன் அடித்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடாததால், பக்கத்து வீட்டுக்காக்கும் என்று உட்கார்ந்திருந்துவிட்டார்.

பழைய கொட்டை கொஞ்சம் மிச்சமிருந்தது. மத்தியானம் அதைச் சட்டியில் போட்டு வறுத்தார்.

“எல்வுட்” என்று தானே சொல்லிப் பார்த்தார். கவுன்சில் குமாஸ்தா வரிசையில் நிற்பவனைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கடைசி எழுத்தை இழுத்துச் சொல்ல வேண்டும். அப்படி இழுக்கிற குரல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, பஸ் ஓட்டினவளுடையது.

அந்த நினைப்போடு அவள் பெயரும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வருஷம் முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

எல்வுட் சூட்டோடு சூடாக ஒரு பிடி கொட்டையை அள்ளி வாயில் போட்டு, கண்ணில் நீர் வர, அது உள்ளே இறங்கும்வரை மென்றார்.