ஒரு குழந்தைக்கு நான்கு உதவியாளர்கள்

எங்கள் ஜார்-புலாக் பள்ளியை மாவட்டத்தின் ‘அனைவருக்குமான பள்ளி’யாக அமைச்சகம் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், தார்ச்சாலை எங்கள் வாசலோடு முடிந்துவிடுகிறது என்பதுதான். அதற்கு மேல் போனால் அதிகாரிகளின் காருக்கு அடி தட்டும்.

பணம் வந்தது. சக்கர நாற்காலி ஏறுவதற்காகச் சாய்தளம் கட்டினார்கள். அது இருந்த சரிவுக்கு, முதல் பனி விழுந்ததுமே பிள்ளைகள் புத்தகப்பையின் மேல் உட்கார்ந்து சறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சிறப்புக் குழந்தைகளுக்கென்று ஓர் அறையும் வந்தது. மெத்தை, வண்ணப் பந்துகள், குமிழி விடும் விளக்கு. குழந்தைகள் கைபட்டால் வீணாகிவிடுமே என்று அதைப் பூட்டி வைத்தார்கள்.

கூடவே உதவி ஆசிரியர் பணியிடம் ஒன்றும் வந்தது. தலைமையாசிரியர் கெங்கெஷ் யார் மனதையும் நோகவிடாத மனிதர். அந்த ஒன்றை நாலாகப் பிரித்தார். கால் பங்கு கணக்காளருக்கு, கால் பங்கு விளையாட்டு வாத்தியாருக்கு, கால் பங்கு கொதிகலன் பார்ப்பவருக்கு, மிச்சக் கால் தன் மைத்துனிக்கு. குளிர்காலத்தில் நிலக்கரி விற்கிற விலையில் இது நியாயம்தான் என்று ஊரே சொன்னது.

எல்லாம் முடிந்த பிறகுதான் குழந்தை வந்தாள்.

ஐபெரிக்கு ஒன்பது வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். யாரைப் பார்த்தாலும் கட்டிக்கொள்வாள். இருபது வரை உரக்க எண்ணுவாள், பதினான்கை மட்டும் ஏனோ பிடிக்காது, தாண்டிப் போய்விடுவாள். அவள் அம்மா புபுசரா, ஊரில் இருக்கும் ஒரே முடிதிருத்தும் கடையை நடத்துகிறவள்.

வகுப்பாசிரியை நாசிகுல்லிடம் ஏற்கெனவே முப்பத்தெட்டுப் பிள்ளைகள். இரண்டு வாரம் தாக்குப்பிடித்தாள். பிறகு உதவியாளர்களைத் தேடிப் போனாள். “என்னோட கால் திங்கக்கிழமை காலையோட முடிஞ்சுபோச்சு” என்றார் கணக்காளர். “நான் வந்து உக்காந்தா பள்ளிக்கூடமே உறைஞ்சுபோகும், பரவாயில்லையா?” என்றார் கொதிகலன்காரர். மைத்துனி எந்த நாளில் வருவாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கெங்கெஷ் புபுசராவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“தங்கச்சி, சிறப்பு உதவியாளர் வர்ற வரைக்கும் புள்ளைய வீட்டுலயே வெச்சுக்கோ.”

“நாலு பேரு ஏற்கெனவே இருக்காங்களே அகாய்?” வாத்தியாரை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

“இருக்காங்க. பயிற்சி இல்லையே! பயிற்சிக்கு நிதி அடுத்த வருஷம்தான்.”

“பயிற்சி இல்லாதவங்களை எதுக்குப் போட்டீங்க?”

“போடலைன்னா பணியிடத்தைத் திருப்பி எடுத்துக்குவாங்க. எல்லாம் உன் பொண்ணு நல்லதுக்குத்தான்.”

அதன் பிறகு ஐபெரி தினமும் காலையில் சீருடை போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். கழற்றச் சொன்னால் அழுவாள். சீருடையோடேயே தரையில் விழுந்த முடியைக் கூட்டிக் குவிப்பாள். புபுசராவால் அதைப் பார்த்துக்கொண்டு கத்தரி பிடிக்க முடியவில்லை.

வசந்தத்தில் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஆய்வுக்குழு வருவதாகத் தகவல் வந்தது. அவர்கள் சாய்தளத்தைப் பார்ப்பார்கள், அறையைப் பார்ப்பார்கள், குழந்தையையும் கேட்பார்கள். கெங்கெஷ் ஒரு பெட்டி மிட்டாயோடு புபுசரா வீட்டுக்கு ஓடினார். “ஒரே ஒரு நாள், தங்கச்சி!” புபுசரா வாய் திறப்பதற்குள் ஐபெரி காலணி மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். மகளின் முகத்துக்காக அவள் சம்மதித்தாள்.

அன்றைக்கு நான்கு கால்களும் வந்திருந்தன. நால்வரும் ஐபெரியைச் சுற்றி நின்றார்கள். கணக்காளர் பென்சில் சீவிக் கொடுத்தார், கொதிகலன்காரர் கரியைக் கழுவிய கையோடு படப்புத்தகம் பிடித்திருந்தார். பூட்டிய அறை திறந்தது. ஐபெரி பந்துகளுக்குள் குதித்தாள். குழுத் தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஒரு குழந்தைக்கு நாலு பேரா! தலைநகர்லகூட நான் இப்படிப் பாத்ததில்லைங்க!”

கெங்கெஷ் அடக்கமாகத் தலை குனிந்தார்.

பலன் இரண்டு விதமாக வந்தது. பள்ளிக்கு மாகாண விருது. அதோடு, ஒரு குழந்தைக்கு நான்கு ஊழியர் என்பது விதிமுறைக்கு மிகுதியாக இருப்பதால், பணியிடத்தில் பாதி ரத்து. கொதிகலன்காரரும் விளையாட்டு வாத்தியாரும் தங்கள் காலை இழந்தார்கள். ஆள் பற்றாக்குறை என்று ஐபெரியை மறுபடி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

விருது வாங்கப் போவதற்கு முந்தின நாள், கெங்கெஷ் முடி வெட்டிக்கொள்ள வந்து உட்கார்ந்தார். புபுசரா துணியைப் போர்த்தினாள், இயந்திரத்தை எடுத்தாள், வலது காதுக்கு மேலே கால் தலையை ஒட்ட மழித்தாள். பிறகு இயந்திரத்தை அணைத்து வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றிக்கொண்டாள்.

கெங்கெஷ் கண்ணாடியைப் பார்த்துத் திடுக்கிட்டார். “என்னம்மா, நிறுத்திட்டே?”

“என் கால் முடிஞ்சுது, அகாய்.”

“மிச்சம்?”

“மிச்சத்துக்கு ஆள் போட்டிருக்கேன். பயிற்சி இல்லை. நிதி அடுத்த வருஷம்.”

வரிசையில் காத்திருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். அவர் கெஞ்சினார், மிரட்டினார், அண்ணன் மாதிரி கேட்கிறேன் என்றார். “காசு வேணாம் அகாய், கிளம்புங்க” என்றாள் அவள். அவர் போன பிறகு அவள், தலைமையாசிரியரின் தலையில் கை வைத்துவிட்டு இந்த ஊரில் இனி எப்படிப் பிழைப்பது என்று அன்று முழுக்கக் கவலைப்பட்டாள்.

கெங்கெஷ் மேடையில் எங்கள் மரபுக் கம்பளித் தொப்பியைக் கழற்றவே இல்லை. ஆளுநர் அதைக் கவனித்து, மரபை மதிக்கும் ஆசிரியர் என்று தனியாகப் பாராட்டினாராம். ஆனால் ஊருக்குத் திரும்பியவரை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் “அகாய், கால் முடிஞ்சுதா?” என்று கேட்டார்கள். வீட்டில் மனைவியும் அதையே கேட்டாள். மூன்றாம் நாள் அவர் புபுசரா கடை வாசலில் வந்து நின்றார்.

“அரைப் பணியிடம் இருக்கு. யாரைப் போடலாம், சொல்லு.”

“அக்மாரலைப் போடுங்க.”

அக்மாரல் ஓஷ் நகரில் சிறப்புக் கல்வி படித்துவிட்டு, ஊரில் வேலையில்லாமல் சந்தையில் செருப்பு விற்றுக்கொண்டிருந்தவள். மைத்துனி ஒரு வாரம் கெங்கெஷோடு பேசவில்லை, கணக்காளர் கெங்கெஷின் சம்பளத்தைத் தாமதமாகப் போட்டார். ஆனாலும் அக்மாரல் வேலைக்கு வந்தாள். அவள் முதலில் செய்தது, அந்த அறையின் பூட்டை எடுத்து ஜன்னல் வழியே எறிந்ததுதான்.

புபுசரா மற்ற முக்கால் தலையையும் அழகாக வெட்டிவிட்டாள்.

இப்போதும் அரைப் பணியிடம்தான். மதியத்தோடு அக்மாரலின் நேரம் முடிந்துவிடும். ஐபெரிக்கு அந்த விதிமுறை புரிவதில்லை, கிளம்ப மறுக்கிறாள். ஆகவே மதியத்துக்கு மேல் விளையாட்டு வாத்தியார், சம்பளம் இல்லாமலே, அவளைத் தன் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார். பிள்ளைகள் குதிக்க அவள் உரக்க எண்ணுகிறாள். வாத்தியாருக்கு ஒரே ஒரு புகார்.

“முன்னல்லாம் பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிப்பேன். இப்ப இவ என்னையும் குதிக்க வைக்கிறா!”

அவர் முட்டி வலிக்கு மருந்து தேய்த்துக்கொண்டுதான் இப்படிச் சொல்வார். மறுநாளும் குதிப்பார்.