வேப்பஞ்சேலை

ஆற்றில் முழுகி எழுந்த கண்ணகி, ஈரச் சேலையின் மேல் வேப்பங்கொத்துகளை மார்பிலிருந்து கணுக்கால்வரை சுற்றிக் கட்டிக்கொண்டாள். மாற்றுச் சேலை இருந்த பையைப் பிடித்தபடி ராமதாஸ் படவேடு ஊரைச் சூழ்ந்த மலைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். மஞ்சள்காமாலையில் அவன் நினைவில்லாமல் கிடந்தபோது அவள் அம்மனிடம் வேண்டிக்கொண்டது இது. அவன் பிழைத்தான். ஆனால் வேலூர் ஆபீசில் வேண்டுதல்காரர்களைக் கேலி பேசி எல்லோரையும் சிரிக்க வைக்கிறவன் அவன். ஆரணியில் ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் பட்டு நெய்கிறவள் இப்படித் தழையோடு நிற்பது அவனுக்குக் கூசியது.

"பொண்டாட்டி தழ கட்டிகினு நிக்கிறா. நீங்க இன்னாடான்னா மாப்ள கணக்கா இஸ்திரி சட்ட போட்டுகினு வந்துக்கிறீங்க" என்று அவள் சிரித்தாள். கோயில் வாசலை நோக்கி நடந்தாள். அவன் நாலடி தள்ளியே போனான்.

வாசலில் ஒரு அம்பாசடர் நின்றது. இறங்கியவர் அவனுடைய ஆபீசர். கூடவே அவர் மனைவி லீலா, கழுத்தில் கேமராவோடு.

"அட, ராமதாஸ்! நீங்க எங்க இங்க?"

"சும்மா... மலையப் பாக்கலாம்னு வந்தேன் சார்."

லீலாவின் கண் அதற்குள் கண்ணகியிடம் போய்விட்டது. "எவ்ளோ அழகா இருக்கு! பிலிம்ல கடைசி ஒண்ணுதான் இருக்கு. அந்தப் பொண்ண மலைப்பக்கமா நிக்கச் சொல்லுங்களேன் ராமதாஸ். நீங்க இந்தப் பக்கத்து ஆளு, சொன்னா கேப்பா."

அவன் போனான். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தான்.

"யாருங்க இவுங்க?" கண்ணகி மெதுவாகக் கேட்டாள்.

"ஆபீசர் வூட்டம்மா."

அவள் முகம் மலர்ந்தது. ஈரக் கைகள் கும்பிடுவதற்குப் பாதி உயர்ந்தன.

"அதெல்லாம் வேணாம். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு" என்றான், அவளைப் பார்க்காமல்.

கைகள் அங்கேயே நின்றன. பிறகு இறங்கின. எல்லோருக்கும் கேட்கும்படி அவள் சொன்னாள்: "எப்டி நிக்கணும்னு சொல்லுங்க சார்."

படம் எடுத்த பிறகு லீலா கேட்டாள். "யாருக்காகம்மா இந்த வேண்டுதல்?"

"எங்க வூட்டுக்காரருக்கும்மா. சாவக் கெடந்தாரு. ஆத்தா குடுத்துட்டா."

"அவர் வரலையா?"

"வரல. லீவு கெடைக்கல." அவள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கார் போனபின் அவள் கோயிலைச் சுற்றினாள். அவன் பையோடு பின்னாலேயே நடந்தான். இப்போது நெருங்கி நடந்தும் அவள் வேகம் குறையவில்லை. அவளிடமிருந்து உதிர்ந்த இலைகளை மிதிக்காமல் நடக்கப் பார்த்தான். முடியவில்லை.

கண்ணமங்கலத்தில் ஆரணி பஸ் ஏறினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் மலைகள் பின்வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாற்றிக் கட்டிய உலர்ந்த சேலைதான், ஆனால் பிடரியில் ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது. அதை எடுத்துவிட அவன் கை நீண்டது, கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"ஆரணிக்கா? ரெண்டு பேரும் ஒண்ணா வந்தவங்களா?" என்றார் கண்டக்டர்.

ராமதாஸ் கண்ணகியைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் காற்றில் அந்த இலை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.