நீலப் பேனா ஜாக்கெட்

அட்டைப்படத்துப் பெண்ணுக்கு யாரோ நீலப் பேனாவால் ஜாக்கெட் வரைந்திருந்தார்கள். முதல் பிரதியில் பார்த்தபோது சிரித்துவிட்டேன். வாடகைக்குப் புத்தகம் விட்டவர்கள் அந்தக் காலத்தில் இப்படிச் செய்வதுண்டு, வீட்டுக்குள் போகவேண்டுமே! இரண்டாவது பிரதி பாண்டிபஜார் பிளாட்பாரத்தில் கிடைத்தது. அதிலும் அதே ஜாக்கெட், முழங்கை வரைக்கும் கை. மூன்றாவது மயிலாப்பூர் லஸ்ஸில். அப்போதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது.

'மர்மச்சுடர்' மாத நாவல், எண்பத்தாறு தீபாவளி இதழ். உள்ளே இருக்கிற கதை சுத்தக் குப்பை, அந்தப் பேச்சே வேண்டாம். அட்டை வேறு சங்கதி. ஓவியர் ராஜரத்தினம். ஒரு பெண், தோளில் துணி கிடையாது, மார்பில் கட்டிய டவல் மட்டும். கையில் டார்ச் லைட். பின்னால் கதவிடுக்கில் கையுறை போட்ட விரல்கள். படம் முழுக்கச் சிவப்பைக் கொட்டிவிட்டு, அவள் மோவாயில் மட்டும் மஞ்சள் வெளிச்சத்தை விழ வைத்திருப்பார் மனுஷன். இடது புருவத்தை அறுத்துக்கொண்டு போகிற சின்னத் தழும்பு ஒன்று. அந்தக் கண்ணில் இருக்கிற பயம் இருக்கிறதே, எந்த நடிகையைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் வராது.

ஊரெல்லாம் அலைந்து ஒரே ஒரு சுத்தமான பிரதியைப் பிடித்தேன். போன மாதம் அதை ஸ்கேன் செய்து ஃபேஸ்புக்கில் போட்டேன். 'அந்தத் தழும்பு ராஜரத்தினத்தின் கற்பனை உச்சம்' என்று ஒரு பத்தி வேறு எழுதினேன். ஆயிரக்கணக்கில் ஷேர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்படிப்பட்ட படத்தை எவனோ தேடித் தேடிக் கெடுக்கிறான் என்றால் சும்மா விடுவதா? இப்படியே போனால் என்னுடைய பிரதியைத் தவிர உலகத்தில் வேறு மிஞ்சாது. அதற்கும் ஆபத்து வரலாம். பீரோவில் வைக்கவே பயந்து, பிளாஸ்டிக் உறை போட்டு, போகிற இடமெல்லாம் பையில் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

லஸ் பிரதியை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மை விரலில் ஒட்டியது. ஜெல் பேனா! எண்பத்தாறில் இங்கே ஜெல் பேனாவை யார் பார்த்தார்கள்? சமீபத்து வேலைதான்.

முதலில் என் சந்தேகம் வைரவன் மேல் விழுந்தது. லஸ்ஸில் பழைய புத்தகக் கடை போட்டிருப்பவன். நேரே போய்க் கேட்டேன்.

"இன்னா நைனா, என் சரக்குல நானே கிறுக்கிக்குவனா? உனக்கு மண்ட கிண்ட கொயம்பிப் பூட்ச்சா?" என்று எகிறினான். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. தூசியே இல்லாத புத்தகத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். அடுத்து லாரன்ஸ். அவனும் என்னைப்போல் அட்டை சேர்ப்பவன். என் பதிவுக்கு ஒரு லைக் கூடப் போடாத வயிற்றெரிச்சல்காரன்.

என் மனைவி அன்புச்செல்விதான் மூன்று பிரதிகளையும் வாங்கிப் பார்த்தாள்.

"சி.ஐ.டி. சார், கொஞ்சம் இங்க பாருங்க. தோள்ல தையல் எங்க வரணுமோ அங்க சரியா கோடு போட்டிருக்கு. கை ஓரத்துல மடிச்சுத் தைச்ச பட்டி வேற. லாரன்ஸுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமா? இது ஜாக்கெட் தைக்கிறவ வேலை."

அவளுக்கு எல்லாமே விளையாட்டு. நான் பொறி வைத்தேன். என் பிரதியின் அட்டையைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, வேறொரு பழைய நாவல் மேல் ஒட்டி, வைரவன் கடையில் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன். எதிர் டீக்கடையில் உட்கார்ந்தேன். ஜாக்கெட் தைக்கிற ஒருத்தி உண்மையிலேயே இருந்தால் அவளையும் பிடிக்கலாம், வைரவனையும் கண்காணிக்கலாம். இரண்டு சனிக்கிழமை டீ குடித்துக் குடித்து வயிறு புண்ணானதுதான் மிச்சம்.

அடுத்த சனிக்கிழமை ஒரு அம்மாள் வந்தாள். அறுபதை நெருங்குகிற வயது. ஒயர் கூடையில் நூல்கண்டுகள், லைனிங் துணி. அடுக்கைப் புரட்டிக்கொண்டே வந்தவள் அந்த அட்டையில் நின்றாள். வைரவன் என் பக்கம் பார்த்துவிட்டு இருமினான். மறுபடியும் இருமினான். அவள் கவனிக்கவில்லை. பர்ஸிலிருந்து பேனாவை எடுத்து, அடுக்கின் மேலேயே வைத்துச் சரசரவென்று வரைந்தாள்.

பாய்ந்து போய் மறித்தேன். "இன்னாம்மா இது? புடிக்கலைன்னா பாக்காத போ! ஏன் படத்தக் கெடுக்கிற?"

அவள் பயப்படவில்லை. "ஜாக்கெட்டு போட்டா கெட்டுப் பூடுமா? நல்லாத்தான கீது? கிழிச்சிருந்தா கடைக்காரருக்கு நஷ்டம். துணி போட்டா யாருக்கு இன்னா?"

"அத்தச் செய்ய நீ யாரு?"

அவள் அட்டையைத் தன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இடது புருவத்தில் அந்தத் தழும்பு.

"மூஞ்சி என்னுது தம்பி. ஒடம்பு எவுளுதோ."

அவள் பெயர் தேவானை. வைரவன் தலையைக் குனிந்துகொண்டே ஸ்டூலை நகர்த்திப் போட்டான். எல்லாம் தெரிந்துதான் இத்தனை நாள் விட்டிருக்கிறான் பாவி.

"மாப்ள வீட்டுக்குக் குடுக்கப் போட்டோ புடிக்க ஸ்டூடியோவுக்கு இட்டுக்கினு போனாங்க. சிரிக்காத, அசையாதன்னு அந்தாளு கத்தின கத்துல பயந்து பூட்டேன். அத்த கண்ணாடிப் பொட்டில மாட்டி வச்சிருந்தான். எவனோ பாத்து வரஞ்சிட்டான். கல்யாணமாகி தலை தீபாவளி, இந்தப் புக்கு வந்துச்சு. 'எங்கடி போய் இப்டி நின்ன?'ன்னு எங்கூட்டுக்காரரு கேட்டாரு. கேட்டுக்கினே இருந்தாரு. சாவற வரிக்கும் அவருக்கு அந்த சந்தேகம் போவல."

ஒயர் கூடையைக் காலடியில் இறக்கி வைத்தாள்.

"ஆத்தோரத்துல இருந்த எங்க குடிசைங்கள இடிச்சு, எங்கள ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துல தூக்கிப் போட்டாங்க. நூலு வாங்க இங்க வரச்சே எல்லாம் பழைய புக்கு கடையப் பாத்துடுவேன். எத்தினிதான் இருக்கும்? என்னிக்காவது முடிஞ்சிடும்ல?"

அந்தக் கண்ணின் பயத்தை எத்தனை தடவை ரசித்திருக்கிறேன்! உடம்பெல்லாம் கூசியது. பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, என் பிரதியை அவள் மடியில் வைத்தேன்.

அவள் அவசரப்படவில்லை. கழுத்தை மூடினாள், கை போட்டாள், கை ஓரத்தில் சின்னதாக லேஸ்கூட வைத்தாள். ஒவ்வொரு கோடும் எனக்கு நஷ்டம்தான். ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதான் கடைசி அக்கா. இனிமே எங்கயும் இல்ல," என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் பேனாவை மூடவில்லை. ஒயர் கூடைக்குள் கைவிட்டுப் போனை எடுத்தாள்.

"மருமவ வீட்டு வாட்ஸப் குரூப்புல வந்துச்சு. 'நம்ம அத்தை மாதிரியே கீதே'ன்னு அல்லாரும் சிரிக்கிறாங்க. எம்புள்ள ரெண்டு நாளா மூஞ்சி குடுத்துப் பேச மாட்றான்."

பார்த்தேன். கீறல் இல்லாத அதே படம், பளிச்சென்று. கீழே தழும்பைப் பற்றிய என் பத்தி. அதற்கும் கீழே என் பெயர்.

என் பெயர் அவளுக்குத் தெரியாது. ஒரு கையில் போனையும் இன்னொரு கையில் பேனாவையும் என்னிடம் நீட்டினாள்.

"படிச்சவன் மாதிரி கீறியே. இதுல எப்டி தம்பி ஜாக்கெட்டு போடறது?"