ஒரு கோடு குறைந்த கொடி

2007ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 14ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. வானம் தெளிவாக இருந்தது. வெயில் முப்பத்தேழு பாகை. காற்று அறவே இல்லை. அன்று பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்திற்கு, விருத்தாசலம் சூளைமேட்டுத் தெருவின் நாற்பத்தொரு விளக்குக் கம்பங்களிலும் தொங்கிக்கொண்டிருந்த நாற்பத்தொரு பீங்கான் தேசியக் கொடிகளும் பறக்கத் தொடங்கின. ஒவ்வொரு கொடியின் எடையும் நான்கு கிலோ இருநூறு கிராம். அவை துணியைப் போலவே நெளிந்தன, மடிந்தன, விரிந்தன. ஒன்றிலேனும் கீறல் விழவில்லை. தட்டில் அடுக்கிய தேநீர்க் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசுவது போன்ற ஓசை தெரு முழுவதும் கேட்டது. குழாயடியில் நின்ற பெண்கள் அண்ணாந்து பார்த்தனர். பிறகு தங்கள் முறை தவறிவிடக் கூடாதே என்று குடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டனர். சொர்ணாம்பாளுக்கு மட்டும் கை கால் ஓடவில்லை. அக்கொடிகளின் நடுவிலுள்ள சக்கரங்களை எழுதியவள் அவளே. அவற்றுள் ஏதோ ஒன்றில் ஒரு கோடு குறைவு என்பதை அறிந்தவளும் அவள் ஒருத்தியே.

கொடிகள் அத்தெருவுக்கு வந்த வரலாறு பின்வருமாறு. நாடு விடுதலை பெற்ற அறுபதாம் ஆண்டைச் சிறப்பிக்க எண்ணினார் பாலகிருஷ்ணன் என்னும் பீங்கான் பட்டறை உரிமையாளர். துணிக் கொடி பதினைந்து நாள் வெயிலில் வெளுத்துவிடும், பீங்கானோ பேரப்பிள்ளை காலம் வரை வெளுக்காது என்பது அவருடைய வாதம். விருத்தாசலத்துப் பீங்கான் கம்பத்தில் ஏறுவதும் புதிதன்று. ஊரில் எத்தனையோ மின்கம்பங்களில் உருகுகம்பியைத் தாங்கும் பியூஸ் கேரியர் இவ்வூர்ச் சூளைகளில் வெந்ததே. அவர் முறைப்படி அனுமதி கேட்டு எழுதினார். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்த பதில் இரண்டு வரிதான்: பறக்காத பொருள் கொடியாகாது, அலங்காரப் பொருளேயாகும், அலங்காரப் பொருளுக்குக் கொடி விதிகள் பொருந்தா. பாலகிருஷ்ணனுக்கு இப்பதிலால் வருத்தமும் வசதியும் ஒருங்கே உண்டாயின. ஆகஸ்டு முதல் தேதி அவர் கொடிகளை மாட்டினார். கடைத்தெருவில் ஒன்றுமில்லை, பேருந்து நிலையத்தில் ஒன்றுமில்லை. பட்டறைத் தொழிலாளர்கள் குடியிருந்த சூளைமேட்டுத் தெருவில் மட்டும் கம்பத்திற்கு ஒன்றாக நாற்பத்தொன்று.

இதனால் தெரு இரண்டுபட்டது. கம்பத்தின் கீழ் வரும்போது அனைவரும் தலை தாழ்த்திச் செல்வதைப் பாலகிருஷ்ணன் தம் கண்ணால் கண்டு, "பாத்தீங்களா, என்ன மரியாத, என்ன பணிவு!" என்று மகிழ்ந்தார். சொர்ணாம்பாளின் எதிர் வீட்டுக்காரி பாஞ்சாலையின் கருத்து வேறு. நாலு கிலோ பீங்கான் உச்சிக்கு மேல் தொங்கினால் எவர்தாம் தலை தாழ்த்தார் என்று அவள் கேட்டாள். கடைக்குப் போகும்போதெல்லாம் அலுமினிய அன்னக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் போனாள்.

"ஜூன் மாசம் தண்ணி வரலன்னு கொடத்த வெச்சி ரோட்ட மறிச்சோம்ல, அதுக்குத்தான் இது," என்றாள் பாஞ்சாலை. "கொடின்னா கும்புட வேண்டியதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா எங்க தெருவுக்கு மட்டும் எதுக்கு நாப்பத்தொண்ணு? நாங்க என்ன வேற நாட்டுலயா குடியிருக்கோம், தெனம் ஞாபகப்படுத்த?"

"தேசத்துக்குக் குடுக்கற கௌரவத்த மெரட்டல்னு சொல்றியே, நாக்கு அழுகிடும்," என்றார் பாலகிருஷ்ணன்.

"அழுகட்டும் மொதலாளி. மண்ட தப்புச்சா போதும்."

சொர்ணாம்பாள் எப்பக்கமும் பேசவில்லை. அவள் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதி வருபவள். ஒரு பொம்மைக்கு இரண்டு கண் என்பதால் அத்தொழிலில் எண்ணிக்கை தவறுவதில்லை. சக்கரத்திற்கோ இருபத்து நான்கு கோடுகள். பேச்சுக்கிடையே எண்ணம் சிதறும் என்று அஞ்சி, அவள் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு புளியங்கொட்டைகளை எண்ணி ஒரு கிண்ணத்தில் இட்டுக்கொண்டாள். ஒரு கோடு எழுதினால் ஒரு கொட்டை மறு கிண்ணத்திற்குப் போகும். இம்முறை நன்றாகவே நடைபெற்றது. நாற்பத்தொரு கொடிகளும் மெருகு பூசப்பட்டுச் சூளைக்குள் அடுக்கப்பட்டு, வாயும் அடைக்கப்பட்ட பின்னர் அவள் முதல் கிண்ணத்தைக் கழுவ எடுத்தாள். அடியில் ஒரு கொட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றிரவு அவள் சோறு உண்ணவில்லை. மறுநாள், அலங்காரப் பொருளுக்கு விதி பொருந்தாது என்று கடிதமே சொல்லியிருக்கிறதே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, அக்கொட்டையை மஞ்சள் டப்பாவில் போட்டு மூடினாள். இப்போது அலங்காரப் பொருள் பறக்கிறது. பறப்பது கொடி. கொடியில் கோடு குறைந்தால் குற்றம்.

பாலகிருஷ்ணன் பிற்பகல் மூன்றரை மணிக்கே அலுவலகத்திற்குத் தொலைபேசியில் செய்தி சொல்லிவிட்டார். காலை ஒன்பது மணிக்கு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. சொர்ணாம்பாள் பாஞ்சாலை வீட்டிற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உண்மையைச் சொன்னாள்.

"அட போக்கா! ஒரு கோட்டுக்கா இப்படி நடுங்கற?"

"மூணு வருசம் உள்ள போடுவாங்களாம்டி."

"கோட்டுக்கு மூணு வருசமா? அப்போ முழு சக்கரத்தையும் வுட்டிருந்தா?" என்று கணக்குப் போடத் தொடங்கிய பாஞ்சாலை, சொர்ணாம்பாளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இருவரும் வெளியே வந்து, ஒவ்வொரு கம்பத்தின் கீழும் நின்று கோடுகளை எண்ண முயன்றனர். பறக்கும் கொடியில் கோடுகளை எண்ணுவது ஓடும் ஆட்டு மந்தையின் கால்களை எண்ணுவதை ஒத்தது. ஒரே கொடியில் சொர்ணாம்பாளுக்குப் பத்தொன்பதும் பாஞ்சாலைக்கு முப்பத்தொன்றும் கிடைத்தன. சூரியன் மறையும் நேரத்தில் மற்றொரு சிக்கல் எழுந்தது. கொடியாகிவிட்டபடியால் அவற்றை அந்திக்குள் இறக்கியாக வேண்டும். தெருவிளக்கு வயர்மேன் கோவிந்தராசு ஏணியோடு வந்தார், பாதி ஏறினார், இறங்கிவிட்டார்.

"மேல கொக்கிய அவுக்கணும்னா என் தல கொடிக்கு மேல போவுதுங்க," என்றார் அவர். "தேசியக் கொடிக்கு மேல தலைய தூக்க நான் யாருங்க? வேற ஆளப் பாத்துக்குங்க."

"அண்ணே, பல்பு மாத்தறப்போ என்ன பண்ணுவீங்க?" என்று பாஞ்சாலை கேட்டாள்.

"பல்பு எரியற வரைக்கும் எரியட்டும்மா. ஒண்ணாந்தேதியில இருந்து எதையும் மாத்தல."

அவர் சொன்னது உண்மையே. பதினான்கு நாட்களில் அத்தெருவில் ஆறு விளக்குகள் அணைந்திருந்தன.

மறுநாள் காலை, சொன்னபடி ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தார். அவர் இளையவர், பொறுமைசாலி. பீங்கான் பறப்பதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "பறக்குது," என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அந்தியில் இறக்கினீர்களா என்று கேட்டார், அனைவரும் கோவிந்தராசு நின்ற பக்கம் பார்த்தனர். ஒவ்வொன்றிலும் இருபத்து நான்கு கோடுகள் உள்ளனவா என்று கேட்டார். "எண்ணி எண்ணி எழுதினதுங்க. எழுதினவங்களே இருக்காங்க," என்று பாலகிருஷ்ணன் சொர்ணாம்பாளை முன்னே தள்ளினார். அவ்வாறாயின் எழுதியவரே அதற்கு உறுதி கூறிக் கையொப்பமிட்டால் போதும் என்று அதிகாரி ஒரு தாளை நீட்டினார்.

சொர்ணாம்பாள் தன் பெயரை எழுதக் கற்றது, முப்பத்திரண்டாம் வயதில், அறிவொளி வகுப்பில். அதற்குமுன் கட்டைவிரலை நனைத்து வந்தவள். அவள் பெயரில் ஆறு எழுத்துகள். ஆறையும் எழுதிவிட நாலு மாதமாயிற்று. அதன் பிறகு ரேஷன் கடையில் பெருவிரல் கேட்டவரிடம்கூடப் பேனா கேட்டு வாங்கி எழுதியவள். அவள் பேனாவைப் பிடித்தாள். "சொ" என்று எழுதினாள். அதற்கு மேல் கை நகரவில்லை. மூன்று வருடச் சிறையை அவள் நினைத்தாள். பட்டறை வேலை போய்விடும் என்பதையும் நினைத்தாள். பொய்யின் கீழே இருக்கப் போகும் தன் ஆறு எழுத்துகளையும் நினைத்தாள்.

"ஐயா, ஒண்ணுல ஒரு கோடு கொறையுதுங்க," என்றாள்.

பாலகிருஷ்ணனின் முகம் வேகாத மண்ணின் நிறத்திற்கு வந்தது. "எதுலம்மா? எதுல?"

"அது தெரிஞ்சா ராவோட ராவா நானே ஏறி எழுதியிருக்க மாட்டேனா மொதலாளி?"

கூட்டம் சிரித்தது, அதிகாரி சிரிக்கவில்லை. குறையுள்ளது எதுவெனத் தெரியும் வரை நாற்பத்தொன்றும் ஐயத்திற்குரியவையே என்றார். ஆட்கள் எண்ணத் தொடங்கினர். ஒருவர் கணக்கு மற்றவர் கணக்கோடு பொருந்தவில்லை. பத்தேகால் மணியளவில் பாஞ்சாலைக்குப் பொறுக்கவில்லை. தலையிலிருந்த அன்னக்கூடையைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, கம்பங்களைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏ, உங்களைத்தான்! பதினஞ்சு நாளா மேல நின்னுகிட்டு எங்களையே மொறைக்கிறீங்களே, உங்கள்ல யாருக்குக் கொறையுதோ எறங்கி வாங்களேன்! உங்களால சொர்ணக்கா ஜெயிலுக்குப் போவணுமா?"

பதினேழாம் கம்பத்துக் கொடி பறப்பதை நிறுத்தியது. கொக்கியிலிருந்து தானே விலகி, முழங்கால் வலியுள்ளவர் பேருந்துப் படியில் இறங்குவது போல, கம்பத்தைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கி, சொர்ணாம்பாளின் எதிரே வந்து நின்றது. அவள் எண்ணினாள். இருபத்து மூன்று. அண்ணாந்தே பார்த்துப் பழகிய கொடியைத் தெருவார் அன்றுதான் அருகில் கண்டனர். அதன் கீழ் மூலை சற்றே உடைந்திருந்தது. பச்சையின் நடுவே அம்மைத் தழும்பு போல ஒரு காற்றுக்குழி. அது இடுப்பு உயரமே இருந்தபடியால் எவரும் தலை தாழ்த்த வேண்டியிருக்கவில்லை.

சொர்ணாம்பாள் வீட்டிலிருந்து தூரிகையும் நீல வண்ணமும் கொண்டு வந்து, தெருவில் சம்மணமிட்டு அமர்ந்து, இடைவெளி இருந்த இடத்தில் ஒரு கோட்டை இழுத்தாள். கொடிக்குக் கூசியது போலும்; லேசாக நெளிந்தது. "அசையாத, அசையாத. பொம்மைங்க எவ்ளோ ஒழுங்கா நிக்கும் தெரியுமா," என்று அதட்டினாள். அதன்பின் தாளை வாங்கி, "சொ"வுக்குப் பக்கத்தில் மீதி ஐந்து எழுத்துகளையும் நிதானமாக எழுதி முடித்தாள். ஈர வண்ணம் நிலைக்க வேண்டுமாயின் இன்னொரு முறை வேக வேண்டும். ஆகையால் கொடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள். அவளுக்குக் குடை பிடித்து உடன் சென்றவர் பாலகிருஷ்ணன். வேலையைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. "பாத்து நடம்மா, கல்லு கெடக்குது," என்றுதான் வழியெல்லாம் சொல்லி வந்தார். சிறு சூளை சூடேறும் வரை காத்திருந்தபோது, சொர்ணாம்பாள் மஞ்சள் டப்பாவிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்து வந்த புளியங்கொட்டையைச் சூளை வாயில் வறுத்துத் தின்றாள்.

அன்று மாலை சூரியன் மறைந்தபோது மற்ற நாற்பது கொடிகளும் எவரும் சொல்லாமலே இறங்கின. ஒவ்வொன்றும் தன் கம்பத்திற்கு அருகிலுள்ள வீட்டு வாசலில் போய் நின்றது. பாஞ்சாலை தன் வாசலில் நின்றதைக் கையில் கரண்டியோடு நெடுநேரம் பார்த்தாள். "என்ன, கத்துனதுக்குப் பழி வாங்க வந்தியா?" என்றாள். கொடி நின்றுகொண்டே இருந்தது. "சரி, உள்ள வா. வாசல்ல நின்னா நாலு பேரு என்னைத்தான் ஏசுவாங்க," என்று சொல்லி, மணையைத் துடைத்துப் போட்டாள்.

பதினேழாம் கொடி சூளையிலிருந்து வந்ததும் சொர்ணாம்பாள் வீட்டிலேயே தங்கிக்கொண்டது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் இவ்வழக்கம் மாறவில்லை. சூரியன் உதிக்கும்போது கொடிகள் ஏறும், மறையும்போது இறங்கும். மழை நாட்களில் மிதியடியில் ஈரத்தைத் துடைத்துவிட்டே உள்ளே வந்தன. மாலையில் கொடிகள் இறங்கிய பின் கோவிந்தராசு ஏறி விளக்குகளை மாற்றினார். பாஞ்சாலையின் அன்னக்கூடை மீண்டும் சோறு வடிக்கப் போயிற்று. கடைத்தெரு வணிகர்கள் தங்கள் கம்பங்களுக்கும் சில கொடிகள் வேண்டுமென்று விண்ணப்பித்தனர். கொடிகள் போக மறுத்துவிட்டன. அது மரியாதையா மிரட்டலா என்னும் வழக்கு மட்டும் டீக்கடையில் தொடர்ந்தது. பாலகிருஷ்ணனும் தோற்கவில்லை, பாஞ்சாலையும் தோற்கவில்லை. தெருவாருக்குப் பகலில் அண்ணாந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது; ஏனெனில் தத்தம் வீட்டுக் கொடி மேலே சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

2009ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இரண்டாம் நாள், சாலையை அகலப்படுத்துவதற்காக நாற்பத்தொரு கம்பங்களும் பிடுங்கப்பட்டன. கொடிகள் வீட்டுக்குள் இருந்த இரவில் அவ்வேலை நடைபெற்றது. மறுநாள் காலை, சொர்ணாம்பாள் வீட்டுக் கொடி வழக்கம் போல வாசலுக்குப் போனது. கம்பம் இருந்த இடத்தில் குழி இருந்தது. கொடி குழியைச் சுற்றி ஒருமுறை வந்தது. தெருவின் இரு பக்கமும் பார்த்தது. பிறகு திரும்பி வந்து, தண்ணீர்க் குடத்திற்குப் பக்கத்தில், தன் வழக்கமான இடத்தில் சாய்ந்துகொண்டது. வேலைக்கு நேரமானதும் சொர்ணாம்பாள் டிபன் பாக்ஸை மூடினாள். செருப்பை மாட்டினாள்.

"வூட்ட பாத்துக்க. பால்காரரு வந்தா நாளைக்கு வரச் சொல்லு. போயிட்டு வரேன்," என்றாள்.

பூட்டைக் கையில் எடுத்தவள், தேவையில்லை என்று மாடத்திலேயே வைத்துவிட்டுப் பட்டறைக்குப் புறப்பட்டாள். அப்போது மணி காலை எட்டு நாற்பது.